மிச்சம்

காரின் முன்கண்ணாடியில் கரும்புச் சாம்பல்.
வடக்கே யாரோ ராத்திரி தோட்டம் எரித்திருக்கிறார்கள்.
விரலால் வழித்துவிட்டு மாடி ஏறினேன்.
இரண்டு முறை சோப்புப் போட்டும்
நகக்கண்ணில் ஒரு கறுப்பு போகவில்லை.

ஆறாம் மாடி ஜன்னலில் டர்பன் துறைமுகம்,
முறை வராமல் வெளிக்கடலில் ஒன்பது கப்பல்கள்.
மேசைமேல் லுவாண்ட்லே.
ஜூலுவில் கடல் என்று அர்த்தமாம்.
முப்பத்தாறு நாள் வயதான கடல்,
மூன்று கிலோ நூறு கிராம்,
குடித்த பாலையெல்லாம் சுவரில் அடிக்கிற கடல்.

இரைப்பை வாசலில் தசை தடித்து
களாக்காய் போல வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது.
மூன்று நாள் உப்புநீர் ஏற்றி
ரத்தத்தைச் சமன்படுத்தி
இன்றைக்குத்தான் கத்திக்குச் சம்மதித்தோம்.

என் கட்டைவிரல் பருமன் கை.
அதைச் சுற்றிய பட்டை
இரண்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை உப்பி, இறுக்கி,
சராசரி அழுத்தம் நாற்பத்தொன்று என்றது.
போதும் என்று தலையாட்டினேன்.
இந்த வயதுக்கு எவ்வளவு போதும் என்று
எந்தப் புத்தகமும் அடித்துச் சொல்வதில்லை.
நாங்கள் தலையாட்டுவதெல்லாம் ஒரு பழக்கத்தில்தான்.

ஆகவே நெற்றியில் இன்னொரு வில்லை.
உச்சிக்குழிக்குக் கீழே, புருவத்துக்கு மேலே.
எலும்பைத் துளைத்துப் போகிற சிவப்பு வெளிச்சம்
மூளை உண்டது போக
ரத்தத்தில் என்ன மிச்சம் என்று பார்த்து வரும்.
பந்தியில் இலையைப் பார்த்துப்
பசியைக் கணக்கிடுவது மாதிரி.

எழுபத்திரண்டு.

டாக்டர் ம்கீஸே கீறினார். ஒரு சொட்டு ரத்தமும் சிந்தவில்லை.
எழுபது. அறுபத்தாறு.
பட்டை இறுக்கிச் சொன்னது: நாற்பத்திரண்டு.
அறுபது.
ரத்தம் நன்றாகத்தான் தள்ளுகிறது,
விரல் நுனியில் ஆக்ஸிஜன் நூறு,
இதயம் ஓடுகிறது தையல் மெஷின் போல.
ஐம்பத்து நாலு.

வெளியே ஒரு குறையும் இல்லாத வீட்டில்
உள்ளறையில் ஒருத்தி பட்டினி.

நான் மருந்து ஊசியைத் தேடினேன். அழுத்தத்தை ஏற்றலாம்.
ஏற்றினால்? நாற்பத்திரண்டுக்கு என்ன குறைச்சல்?
பெயர்ந்த வில்லையோ? அழுத்திப் பார்த்தேன்.
ஐம்பத்து நாலு. பொய்யில்லை.

சிஸ்டர் கூமாலோ, பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தவள்,
நிமிராமலே சொன்னாள்:
இன்றைக்கு உங்கள் கை வேகமாக இருக்கிறது டாக்டர்.

கை.
சுவாசப் பையைப் பிடித்திருக்கும் இடது கை.
அது பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது,
என் பயத்தின் தாளத்தில், நிமிஷத்துக்கு ஐம்பது.
திரையில் கரியமில வாயு: இருபத்து மூன்று.
பார்த்திருந்தேன். படிக்கவில்லை.

கழிவென்று நாம் வெளியே தள்ளுகிற அதுதான்
மூளையின் குழாய்களைத் திறந்து வைக்கிறது.
அதை முழுக்க வாரிக் கொட்டிவிட்டால்
உள்ளே கதவுகள் சாத்திக்கொள்ளும்.
நான் மூச்சை அள்ளி அள்ளிக் கொடுத்தே
பிள்ளையைப் பட்டினி போட்டேன்.

விரல்களைத் தளர்த்தினேன்.
ஒன்று... இரண்டு... மூன்று... அமுக்கு.
கொடுக்காமல் இருப்பது
கொடுப்பதைவிடக் கஷ்டம்,
அதுவும் இத்தனூண்டு நெஞ்சைப் பார்த்துக்கொண்டு.
இருபத்தெட்டு. முப்பத்து மூன்று.
ஐம்பத்தேழு.
ம்கீஸே தசையைப் பிளந்தார், சளிச்சவ்வு மொக்கு மாதிரி புடைத்தது.
அறுபத்து நாலு.
பட்டை இறுக்கியது. நாற்பத்தொன்று.
அதற்கு எதுவுமே தெரியாது.
எழுபது.

பதிவேட்டில் எழுதினேன்:
எட்டு ஐம்பத்தொன்று முதல் ஐம்பத்தெட்டு வரை.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
மிகை சுவாசம், என் கையால்.
ஏழு நிமிஷம் என்ன எடுத்துக்கொண்டது,
எடுத்துக்கொண்டதா என்பதே
யாருக்கும் தெரியப்போவதில்லை.
அவன் பள்ளிக்கூடம் போய், பெருக்கல் வாய்ப்பாடு தடுக்கினால்
எல்லாப் பிள்ளைக்கும் தடுக்குகிறதுதானே.

நடைபாதையில் நோக்வாசி, அவன் அம்மா.
வயிற்றுத் தையலைப் பார்க்கவில்லை அவள்.
நெற்றியைத் தடவி, இந்தச் சதுரம் எதற்கு என்றாள்.
ஒட்டியிருந்த வில்லையின் தடம், சாயங்காலம் மறைந்துவிடும் என்றேன்.
பிறகு உட்கார்ந்து
ஏழு நிமிஷத்தையும் சொன்னேன்.
அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு இரண்டு ஸ்பூன் பால்.
நின்றது.
நகக்கண்ணில் சாம்பல் இன்னும் இருக்கிறது.